யாருடைய நிபுணர்?

பட்ஜெட் போட்ட மறுநாள் பேப்பரைப் பிரித்தால் ஒரு கட்டம் இருக்கும். கோட்டு போட்ட ஒருவரின் படம், கீழே 'மேலாண்மைப் பேராசிரியர்' என்று பட்டம். பொதுத்துறையை விற்றால் நாட்டுக்கு நல்லது, மானியம் கொடுத்தால் கேடு என்பார். "ஆய்வு சொல்கிறது" என்பார். எந்த ஆய்வு? யாரை எண்ணியது? எவன் காசு கொடுத்தான்? நிருபர் கேட்பதில்லை. நாமும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

பேராசிரியர்கள் பத்திரிகையோடு பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசணும். 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் அரசின் முயற்சியால் வந்தவை. பொதுப்பணம் அதில் இருக்கிறது. தீப்பெட்டி வாங்குகிற நம்ம சனங்க கட்டுகிற வரியும் அதில் சேர்த்திதான். அங்கே விளைகிற அறிவு வெளியே வரத்தான் வேண்டும். எது வெளியே வருகிறது, எது அமுங்கிப் போகிறது என்பதே என் கேள்வி.

முதலில் காசு விஷயம். கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் பிரெடரிக் மிஷ்கின், 2006இல் ஐஸ்லாந்தின் நிதிநிலை உறுதியாக இருப்பதாக ஓர் அறிக்கைக்கு இணை ஆசிரியரானார். எழுதச் சொன்னது அந்நாட்டு வணிகர் சங்கம். அவருக்குக் கிடைத்தது 1,24,000 டாலர். 2008 அக்டோபரில் அங்கே மூன்று பெரிய வங்கிகளும் அடுத்தடுத்து விழுந்தன. 2010இல் வந்த 'இன்சைடு ஜாப்' ஆவணப்படம் இதைக் கேமரா முன்னால் அவரிடமே கேட்டது. 2012இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் விதி போட்டது. தன் ஆய்விதழ்களில் எழுதுகிறவர் யாரிடம் காசு வாங்கினார் என்பதைச் சொல்லணும். செய்தித்தாளில் எழுதும்போதும், டி.வி.யில் பேசும்போதும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள் என்றும் கேட்டுக்கொண்டது. நம்ம ஊர்ப் பத்திரிகைகள் இந்த ஒற்றை வரியைக் கட்டத்துக்குக் கீழே போட எவ்வளவு இடம் பிடிக்கும்?

அடுத்தது, யாரை எண்ணுவது என்பது. கனடாவின் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த டி. அஜித், ஹான் டாங்கர், ரவி சக்சேனா மூவரும் இந்தியாவின் முன்னணிக் கம்பெனிகள் 1,000ஐ எடுத்து, இயக்குநர் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களின் சாதியைக் கணக்கெடுத்தார்கள். 2012 ஆகஸ்டில் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி'யில் அது வெளியானது. நூற்றுக்கு ஏறக்குறைய 93 பேர் முன்னேறிய சாதிகள். தலித்துகளும் பழங்குடிகளும் சேர்ந்து 3.5 சதம். இதுவும் கம்பெனி நிர்வாகம் பற்றிய ஆய்வுதானே? ஆனால் நிர்வாகத் திறமை பற்றிப் பேச வருகிற எந்த நிபுணரிடமும் இந்தக் கணக்கை வைத்துக் கேள்வி கேட்ட பேட்டியை நான் பார்த்ததில்லை.

ஏன் கேட்கலை? கேட்கிற அறையைப் பாருங்கள். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் செய்த ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 பேர் ஆதிக்கச் சாதியினர். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. பதில் சொல்கிற அறையையும் பாருங்கள். அதே 2019இல் மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணிகளில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. ஐ.ஐ.எம்.கள் தங்களுக்கு விலக்கு வேண்டுமென்று அரசைக் கேட்டன. கேட்கிறவனும் சொல்கிறவனும் ஒரே தெருக்காரன். நடுவில் 'தகுதி' என்ற சொல் மட்டும் போய் வருகிறது. இதுக்குப் பேர்தான் நடுநிலை.

தோழர்களே, கோபப்பட்டுப் பேப்பரைக் கிழித்துப் போடுவதால் பலனில்லை. அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்து வையுங்கள். இவர் எந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருக்கிறார், ஆய்வுக்கு யார் பணம், அதில் நம்ம சனங்க எண்ணப்பட்டார்களா என்று மூன்று கேள்வியை ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒரு கடிதத்தைக் குப்பையில் போடலாம், ஐம்பதைப் போடுவது கஷ்டம்.

எம்.பி.ஏ.வும் முனைவர் பட்டமும் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இன்னொன்று. உங்கள் ஆய்வேடு நூலகத்தில் தூசி தின்ன வேண்டாம். நாலு பக்கத்தில், ஆத்தாளுக்குப் படித்துக் காட்டினால் புரிகிற தமிழில் எழுதி அனுப்புங்கள். யார் காசில் செய்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். போடுகிறோம்.