பொதுச் சுவரும் பொதுக் காற்றும்

நம் வலியசாலையின் பழைய வரிசை வீடுகளில் வாழ்பவர்க்கு ஒன்று நன்கு தெரியும். ஒரு வீட்டின் வலப்புறச் சுவரே அடுத்த வீட்டின் இடப்புறச் சுவராக இருக்கும். அவர்கள் தாளிக்கும் மணம் நம் கூடத்துக்கு வரும். நம் குழந்தையின் அழுகை அவர்கள் உறக்கத்தைக் கலைக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளப் பழகிய நாம், சுவரை ஊடுருவிச் செல்லும் இன்னொன்றைப் பற்றி மட்டும் எண்ணுவதில்லை. மடிக்கணினிக்கு வரும் கம்பியில்லா இணைப்பையே சொல்லுகிறேன். அது நிலையாக நில்லாமல் அறுந்து அறுந்து போவதேன், அதற்குச் செய்யத்தக்கது யாது என்பதை என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே கூறலாம் என்று எண்ணுகிறேன்.

என் தாயாருக்கு வயது 82. கடல் கடந்து வாழும் தம் பேத்தியோடு ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு முகம் பார்த்துப் பேசுவது அவருக்கு அந்தக் கிழமையின் திருநாள். இரண்டாங்கட்டு அறையில் முக்காலியின்மேல் மடிக்கணினியை வைத்துக் கொடுப்போம். சென்ற ஆண்டு, பேசத் தொடங்கிய பத்து நிமிடங்களில் பேத்தியின் முகம் அசைவற்று நிற்கவும், குரல் துண்டு துண்டாகி மறையவும் தொடங்கிற்று. நான்காம் ஞாயிறன்று அம்மா முக்காலியின்முன் வந்து உட்காரவே இல்லை. “அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். கிழவியின் பேச்சு சலித்துவிட்டது; அவளாகவே நிறுத்திவிடுகிறாள்” என்றார். அங்கே அந்தப் பெண்ணோ, பாட்டிக்குத் தன்மேல் ஏதோ வருத்தம் என்று எண்ணிக் கலங்கியிருக்கிறாள்.

நான் செய்ததெல்லாம் பிழையே. இணைப்புத் தரும் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் மும்முறை கடிந்துகொண்டேன். அவர்கள் அனுப்பிய இளைஞர் வந்து பார்த்துக் குறையொன்றும் இல்லை என்று கூறிச் சென்றார். புதிய மடிக்கணினிக்கு விலையும் கேட்டு வைத்தேன். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி மகன், “பெரியப்பா, நோய் எந்த உறுப்பில் என்று பாராமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறீர்களே!” என்றான். அவன் கற்றுத் தந்த முறையையே இனிக் கூறுகிறேன்.

இணைப்பு நம்மை வந்தடையும் வழியில் மூன்று பகுதிகள் உள. வெளியிலிருந்து வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டி வரை வருவது முதற்பகுதி. பெட்டியிலிருந்து மடிக்கணினி வரை காற்று வழியே வருவது இரண்டாம் பகுதி. மடிக்கணினியின் உள்ளே நிகழ்வது மூன்றாம் பகுதி. அறுபடுவது எதில் என்று அறிவதற்கு இரண்டு சோதனைகள் போதும்.

மடிக்கணினியில் இணைப்பு அறும் அதே வேளையில், கைப்பேசியைப் பெட்டியின் அருகே கொண்டுசென்று பார்க்கவேண்டும். கைப்பேசியின் சொந்த இணைய வசதியை முன்னரே நிறுத்திவிடல் வேண்டும். அன்றேல் அது நம்மை ஏமாற்றிவிடும். அங்கும் இணையம் வரவில்லையெனில் குறை பெரும்பாலும் முதற்பகுதியில், அல்லது பெட்டியிலேயே உள்ளது. அப்போது நிறுவனத்தாரை அழைப்பது முறை. கைப்பேசியில் தடையின்றி வந்தால், மடிக்கணினியையே பெட்டியின் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பார்க்கவேண்டும். அங்கே அறவில்லையெனில் குறை இடையிலுள்ள காற்றுவழியில். அங்கேயும் அறுமாயின் குறை மடிக்கணினியில். ஒவ்வொரு முறையும் நாள், மணி, இடம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் நன்று.

எங்கள் வீட்டில் பெட்டி இருந்தது ரேழியில். அங்கே கைப்பேசியும் நன்றாக இயங்கியது. மடிக்கணினியும் நன்றாக இயங்கியது. ஆகவே நிறுவனத்தாரும் குற்றவாளியல்லர், மடிக்கணினியும் குற்றவாளியன்று. ரேழிக்கும் இரண்டாங்கட்டுக்கும் இடையே கனத்த பழஞ்சுவர்கள் மூன்று நின்றன. குறிப்பேட்டைப் புரட்டியபோது மற்றொன்றும் விளங்கிற்று. காலையிலும் நண்பகலிலும் அறாத இணைப்பு, மாலை ஏழு மணிக்குமேல் மட்டுமே அறுந்தது. சுவர்கள் நாள் முழுதும் அங்கேயே நிற்பவை அல்லவா? மாலையில் மட்டும் புதிதாக வந்தது எது?

இவ்விடத்தில் காற்றுவழியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. குறைந்த ஆற்றலுடைய கருவிகளை இவ்வலைவரிசையில் உரிமம் பெறாமலே இயக்கலாம் என்று இந்திய அரசு 2005-ஆம் ஆண்டில் விதி செய்தது. எனவே இஃது ஒருவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுவழி. இதில் 13 தடங்கள் இருப்பதாகப் பெட்டி காட்டும். ஆயினும் ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்சு அகலமுடையது; அடுத்தடுத்த தடங்களுக்கு இடையிலுள்ள தொலைவோ 5 மெகாஹெர்ட்சுதான். ஆதலால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

ஒரே தடத்திலுள்ள கருவிகள் அவையறிந்து பேசுவோரை ஒத்தவை. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருந்து, ஓய்ந்தபின் பேசும். கூட்டம் மிகும்போது காத்திருக்கும் நேரமும் மிகும். இடைப்பட்ட மூன்றாம் தடத்திலோ எட்டாம் தடத்திலோ ஒருவர் போய் அமர்ந்தால் நிலைமை இன்னும் கெடும். அவர் பேச்சு பிறருக்கு வெறும் இரைச்சலாகவும், பிறர் பேச்சு அவருக்கு இரைச்சலாகவும் ஆகிவிடும். உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்சில் இயங்குவதால், அதிலிருந்து கசியும் சிறிதளவு அலையும் இவ்வழியைக் கலக்கும்.

அருகிலுள்ள இணைப்புகளையும் அவற்றின் தடங்களையும் காட்டும் செயலி ஒன்றைத் தம்பி மகன் தன் கைப்பேசியில் திறந்து காட்டினான். எங்கள் கூடத்தில் நின்றபடியே 14 பெயர்களைக் கண்டோம். அவற்றுள் ஒன்பது ஆறாம் தடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுப் பெட்டியும் அவற்றுள் ஒன்று. மாலை ஏழு மணிக்குத் தெருவார் அனைவரும் வீடு திரும்பித் தத்தம் திரையைத் திறக்கிறார்கள். அந்த வேளையில்தான் அம்மாவும் தம் பேத்தியை அழைக்கிறார்.

அன்று மாலை நான் இருபுறத்து அண்டை வீட்டாரையும் போய்ப் பார்த்தேன். அவர்களும் இதே துன்பத்தால் இதே நிறுவனத்தைக் கடிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது! இடப்புற வீட்டார் ஆறாம் தடத்தையும், வலப்புற வீட்டார் பதினொன்றையும், நாங்கள் ஒன்றையும் கொள்வதென உடன்பட்டோம். ஒரு வீட்டில் தட அகலம் 40 மெகாஹெர்ட்சு என அமைந்து பொதுவழியின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதனை 20 ஆகக் குறைத்தார்கள். எங்கள் பெட்டியை ரேழியிலிருந்து எடுத்துக் கூடத்தின் நடுவே ஆளுயரப் பலகையில் வைத்தோம்.

புதிய பெட்டிகளில் 5 கிகாஹெர்ட்சு வழியும் உண்டு. அதில் இடம் மிகுதி, நெரிசல் குறைவு. ஆனால் கனத்த சுவர்களைக் கடக்கும் வலிமை அதற்குக் குறைவு. பெட்டி இருக்கும் அறையில் அமர்வோர்க்கு அதுவே சிறந்தது. பின்கட்டில் அமர்வோர்க்கு 2.4 பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து, மடிக்கணினி அங்குமிங்கும் தாவித் தடுமாறுமாயின், வெவ்வேறு பெயர் இடுவது நலம். ஓரிடத்திலேயே அமர்ந்து பணி செய்வோர் ஈதர்நெட் கம்பியை இழுத்துக்கொள்வாராயின் இத்தொல்லை எதுவும் இல்லை.

குறை மடிக்கணினியிலேயே எனக் கண்டவர்கள் இவற்றைச் செய்க. மின்கலத்தில் ஓடும்போது மட்டும் இணைப்பு அறுமாயின், மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கம்பியில்லாக் கருவியை உறங்கச் செய்யும் அமைப்பை நீக்குக. சேமித்து வைத்த இணைப்பை மறக்கச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாக இடுக. கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளை, மடிக்கணினி செய்தவர் தரும் புதிய பதிப்பாக மாற்றுக. யு.எஸ்.பி. 3.0 வகை வெளித் தட்டுகள் 2.4 கிகாஹெர்ட்சு வழியில் இரைச்சல் எழுப்ப வல்லவை. அவற்றைக் கழற்றிப் பார்க்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. ஒருங்கே நான்கை மாற்றினால் எது குணமளித்தது என்பது தெரியாது போகும்.

அடுத்த ஞாயிறன்று அம்மாவை வற்புறுத்தி முக்காலியின்முன் அமர்த்தினோம். ஐம்பது நிமிடங்கள் பேசினார்கள், ஒருமுறையும் அறவில்லை. முடிவில் பேத்தி, “பாட்டி, என்மேல் கோபமா?” என்று கேட்டாள். அம்மா அவளுக்கு விடை கூறாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்கு கிழமைகளுக்கு முன்னரே அண்டை வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டியவன் நான் என்பது அப்பார்வையில் எனக்கு விளங்கிற்று.

ஆதலின், அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இணைப்பு அறுமாயின் சோதனைகள் இரண்டையும் முதலில் செய்யுங்கள். குறை காற்றுவழியில் எனத் தெரிந்தால் அண்டை வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள். பொதுச் சுவருக்கு இரு வீட்டாரும் சேர்ந்து சுண்ணாம்பு அடிக்கிறோம். பொதுக் காற்றையும் பேசிப் பங்கிட்டுக்கொள்வோம்.