ஊட்டிக்கு இ-பாஸ், ராஜமலைக்கு பஸ்: மலையைக் காப்பாற்றுவது எது?

கோடை லீவுக்கு ஊட்டியோ கொடைக்கானலோ போகலாம் என்று முடிவெடுப்பவர்கள், ஹோட்டல் ரூம் தேடுவதற்கு முன்பே இப்போது இ-பாஸைத் தேட வேண்டியிருக்கிறது. பாஸ் கிடைத்தால்தான் பயணம். கிடைக்காதவர்கள் ஏற்காடு பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

இந்த நடைமுறை திடீரென்று வந்ததல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. ஆனால் அப்போது எண்ணிக்கைக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் வந்தது. எத்தனை வண்டிகள், எத்தனை பேர் மலையேறுகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் நோக்கம். சீசன் நாளில் நீலகிரிக்குள் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது.

வரம்பு வந்தது 2025-ல். ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள். கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்ளூர் வண்டிகள், அரசு பஸ்கள், விளைபொருள் ஏற்றிவரும் வாகனங்களுக்கு விலக்கு. மறுநாளே, ஏப்ரல் 2-ம் தேதி, நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

வியாபாரிகளின் கோபம் புரியாதது அல்ல. ஏப்ரல், மே வருமானத்தை வைத்து முழு வருடத்தையும் ஓட்டுபவர்கள் அங்கே ஏராளம். மலை தாங்காது என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்தச் சண்டை முழுக்க ஒரே ஒரு எண்ணைச் சுற்றியே நடக்கிறது: எத்தனை வண்டி? உள்ளே போன வண்டி எங்கே நிற்கிறது, எந்த மாதத்தில் வருகிறது, அது கொண்டுவரும் பணம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பூங்கா இந்தக் கேள்விகளுக்குப் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ராஜமலையில் என்ன நடக்கிறது?

இரவிகுளம் தேசியப் பூங்காவைத்தான் நம்மூர்க்காரர்கள் ‘ராஜமலை’ என்கிறார்கள். உண்மையில் ராஜமலை என்பது அந்தப் பூங்காவின் ஒரு ஓரம் மட்டுமே. பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதற்குள்தான் இருக்கிறது. வெள்ளைக்கார எஸ்டேட் துரைமார்கள் வேட்டையாடிய புல்வெளி இது. வேட்டைக்கு விலங்கு மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அதற்குக் காவலும் போட்டிருந்தார்கள். 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. கேரளாவின் முதல் தேசியப் பூங்கா இதுதான்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தப் பூங்கா திறந்துவைத்திருப்பது ஒரே ஒரு பாதையைத்தான். சொந்தக் காரில் வந்தாலும் சரி, டூரிஸ்ட் வேனில் வந்தாலும் சரி, வண்டியைக் கீழேயே விட்டுவிட வேண்டும். டிக்கெட் எடுத்து வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து தார்ச்சாலையில் நடை. ஒரு குறிப்பிட்ட தூரம் வரைதான் அந்த நடையும். அதற்கு மேல் அனுமதி இல்லை. ஆனைமுடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

‘இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு நேரம் லைன்ல நின்னோம்?’ என்று சலித்துக்கொண்டே இறங்குபவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குறுகிய சாலை ஓரத்திலேயே வரையாடுகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும். மனிதர்களைக் கண்டு ஓடாது. தலைமுறைகளாக இங்கே யாரும் அவற்றைச் சுடவில்லை, துரத்தவில்லை என்பதுதான் காரணம்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, உலகிலேயே தமிழ்நாடு, கேரள மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. 2025-ல் இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் கிடைத்த எண்ணிக்கை 2,668. தமிழ்நாட்டில் 1,303, கேரளாவில் 1,365. இதில் இரவிகுளத்தில் மட்டும் 841. அதாவது, உலகத்தில் உள்ள வரையாடுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று, சென்னை மாநகராட்சியின் பரப்பில் கால் பங்குகூட இல்லாத இந்த ஒரு பூங்காவில் இருக்கிறது.

வருமானம் போனாலும் மூடுவது ஏன்?

பொதுவாக பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை இரவிகுளம் மூடப்படும். அது வரையாடுகள் குட்டி போடும் காலம். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான். பிறந்த சில வாரங்களில் தாயை விட்டுப் பிரிந்தாலோ, மிரண்டு பாறையிலிருந்து உருண்டாலோ அந்த வருடத்துக் கணக்கில் ஒன்று குறைந்துவிடும். டிக்கெட் வசூல் நின்றாலும் பரவாயில்லை என்று கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். மூணாறு வியாபாரிகளும் இதற்குப் பழகிவிட்டார்கள். தேதி முன்கூட்டியே தெரியும் என்பது இதில் பெரிய விஷயம். கடைசி நேரத்தில் வரும் தடைதான் பிழைப்பைக் கெடுக்கும். காலண்டரில் இருக்கும் தடைக்கு ஏற்ப ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. புல்வெளி காய்ந்து, ஒரு பீடித் துண்டு போதும் என்ற நிலையில் இருக்கும் மாதங்களும் இவைதான். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்திலும் தீ சீசனில் பாதைகள் மூடப்படுகின்றன.

பஸ்ஸும் காவலும் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஆழியாறு-வால்பாறை சாலையே உதாரணம். அங்கேயும் வரையாடுகள் கொண்டை ஊசி வளைவுகளில் சாலையோரமாக வந்து நிற்கும். வண்டியை நிறுத்தி பிஸ்கட் நீட்டுவதும் செல்ஃபி எடுப்பதும் வாடிக்கை. 2023 ஜனவரியில், வரையாட்டின் கொம்பைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்ட இரண்டு சுற்றுலாப் பயணிகள் கைதானார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக இருக்கும் விலங்கு அது. ஆடுதானே என்று நினைத்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

இதில் நமக்கு என்ன?

இரவிகுளம் கேரளாவில் இருந்தாலும், அங்கே பெய்யும் மழையில் ஒரு பங்கு நமக்கு வருகிறது. பூங்காவின் கிழக்குச் சரிவுத் தண்ணீர் பாம்பாற்றில் சேர்ந்து, மறையூர் வழியாக அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் வரை வயலுக்கும் குடிநீருக்கும் நம்பியிருப்பது அந்த ஆற்றைத்தான். அங்குள்ள சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து மழையைப் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. மிதிபட்டு மண் இறுகினாலோ, தீயில் வெந்தாலோ அந்தக் கசிவு நிற்கும். மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவிடும்.

நீலகிரியிலும் இதே கதைதான். முக்குருத்தி தேசியப் பூங்காவும் அதைச் சுற்றியுள்ள புல்வெளிகளும்தான் பல நீரோடைகளுக்குத் தாய்மடி. சுமார் 78 சதுர கிலோமீட்டர் உள்ள முக்குருத்தி, சாதாரண சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை. அங்கே பெரிய எதிரி டூரிஸ்ட் அல்ல. தோல் பதனிட உதவும் பட்டைக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம். புல்வெளியைத் தின்றுகொண்டே பரவுகிறது. இ-பாஸால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியே காப்பியடிக்க முடியுமா?

முடியாது. பூங்காவுக்குக் கேட் போடலாம், மாவட்டத்துக்குப் போட முடியாது. 2011 கணக்குப்படியே நீலகிரியில் 7.35 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காய்கறி மார்க்கெட் எல்லாம் அதே இரண்டு மூன்று சாலைகளை நம்பித்தான் இருக்கின்றன.

ராஜமலை முறையும் குறையில்லாதது அல்ல. பூங்காவுக்குள் நெரிசல் குறைந்ததே தவிர, மூணாறில் குறையவில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமை அந்த டவுனைக் கடப்பதற்குள் பாதி நாள் போய்விடும். சரிவுகளில் எழும்பிய கட்டடங்களைப் பற்றிய வழக்குகளுக்கு முடிவே இல்லை. மலை எவ்வளவு நொறுங்கும் தன்மை கொண்டது என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு பூங்காவை ஒட்டிய பெட்டிமுடி காட்டியது. கனமழையில் சரிந்த மண், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர், பெரும்பாலோர் தமிழர்கள். அந்தச் சரிவுக்குச் சுற்றுலாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டிமுடிக்காரர்கள் போய்வந்ததும் டூரிஸ்ட் பஸ் ஓடும் அதே ராஜமலை ரோட்டில்தான்.

எடுத்துக்கொள்ளக்கூடியவை வேறு. முக்கியமாக, வண்டியைக் கீழே விட்டு பஸ்ஸில் ஏற்றும் முறை. தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் கொடைக்கானல் பில்லர் ராக்குக்கும் தனித்தனி கார்கள் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அடிக்கடி ஓடும் பஸ் இருந்தால், ஊட்டிக்கு வந்த வண்டி ஹோட்டல் வாசலிலேயே நிற்கும். 6,000 என்ற எண்ணை வைத்து இவ்வளவு சண்டை வராது. இரவிகுளத்தில் முதுவர் பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர்க்காரர்களுக்குச் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக வேலை கிடைக்கிறது. தீத்தடுப்புக் கோடு எரிப்பவர்களும் அவர்கள்தான். கட்டுப்பாடு இருந்தால்தான் தங்களுக்கு வேலை என்று உள்ளூர்க்காரர்களே நினைக்கும் இடத்தில் கடையடைப்புக்கு அவசியம் குறைவு.

இன்றைய இ-பாஸ், மலைக்குள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று கண்டறியத்தான் ஐஐடி சென்னை, ஐஐஎம் பெங்களூரு நிபுணர்களின் ஆய்வு வருகிறது. அந்த ஆய்வில் வரப்போகும் எண்ணைவிட, அதை வைத்து பஸ் விடுவார்களா, பார்க்கிங் கட்டுவார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அதற்கு நாள் அதிகம் இல்லை. 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி ராஜமலையில் கடைசியாக 2018-ல் பூத்தது. அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரை பாலமே உடைந்து, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பூத்து, விதை போட்டு, செடி செத்துவிடும்; பறித்த பூவுக்கு விதை இல்லை, அந்த இடத்தில் அடுத்த 12 வருடத்துக்குச் செடியும் இல்லை. அடுத்த பூ 2030-ல். இந்த முறை எல்லோர் கையிலும் ரீல்ஸ் எடுக்க போன் இருக்கும்.