கேமராப் பெட்டியும் ஏழு கிலோ கணக்கும்

சிதம்பரத்திலோ கடலூரிலோ ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு விமானப் பயணம் இன்று அதிசயம் இல்லை. பரங்கிப்பேட்டைக்காரர் வீட்டுக் கல்யாணம் சிங்கப்பூரில் நடக்கிறது, நெய்வேலிக்காரர் மகளின் வரவேற்பு பெங்களூரில் நடக்கிறது. ஊரில் படம் எடுத்தவரையே கூப்பிடுகிறார்கள். அவரும் போகிறார். போவதற்கு முன் செய்கிற முதல் காரியம், சென்னையில் போய் ஒரு கேமராப் பெட்டி வாங்குவது. தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடையில் கண்ணைப் பறிப்பது சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி. கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே பஞ்சு, தண்ணீர் புகாது, மேலே ஏறி நின்றாலும் உடையாது. இந்த வகையில் பெயர் பெற்றது பெலிகன் 1510. வெளி அளவு ஏறத்தாழ 56, 35, 23 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 114. இந்தியாவில் பல நிறுவனங்கள் கைப்பைக்கு வைத்திருக்கும் 115 சென்டிமீட்டர் வரம்புக்குள் அழகாக அடங்கிவிடும். எல்லாம் சரி, எடை? பஞ்சோடு சேர்த்து வெறும் பெட்டியே 6 கிலோவுக்கு மேல்! உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. மீதி இருக்கும் முக்கால் கிலோவில் ஒரு கேமரா உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு போய்க் கல்யாணம் எடுக்க முடியுமா? பெரிய எடை வரம்பு தரும் விமானங்களை மனதில் வைத்துச் செய்த பெட்டியை, நம் ஊர் விமானத்துக்கு வாங்குவது வீண் செலவு.

கணக்கை மறுபக்கத்திலிருந்து போட வேண்டும். கல்யாணம் எடுப்பவரிடம் இரண்டு கேமரா இருக்கும். கேனான் 5டி மார்க் 3 என்று வைத்துக்கொண்டால், பேட்டரியோடு ஒன்று சுமார் 950 கிராம். 24-70 லென்ஸ் (இரண்டாம் பதிப்பு) 805 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1490 கிராம். ஃபிளாஷ் ஒன்று 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சார்ஜர், உபரி பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. மொத்தம் 5 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆக, பைக்கு மிஞ்சுவது 2 கிலோவுக்கும் குறைவு. இந்த எடைக்குள் கிடைப்பது துணியில் தைத்த முதுகுப் பைதான். சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் வந்தாலே ஒரு கிலோ கூடிப் போகும்.

"துணிப்பை பாதுகாப்பா?" என்று கேட்பார்கள். கையிலேயே இருக்கும் பைக்கு இரும்புக் கவசம் எதற்கு? பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் உலகம் முழுக்கத் தோளில் மாட்டித் திரிந்த டோம்கே பை, 1975-இல் ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கே தன் தேவைக்காக உருவாக்கியது. அது வெறும் கான்வாஸ் துணி. களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எடை எவ்வளவு பெரிய எதிரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்துப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலூருக்கு மிக அருகில் உள்ள விமான நிலையம் புதுச்சேரி. அங்கிருந்து 2024 டிசம்பரில் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் மீண்டும் தொடங்கிய சேவை ஏடிஆர் வகைச் சிறு விமானத்தில். தலைக்கு மேல் உள்ள பெட்டியறை அதில் சின்னது. சக்கரப் பெட்டியைப் படிக்கட்டு அருகிலேயே வாங்கி வயிற்றில் போட்டுவிடுவார்கள். நெகிழ்ந்து கொடுக்கும் பை என்றால் முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். சென்னையில் இறங்குகிறவருக்கோ அதன்பின் நான்கைந்து மணி நேரப் பேருந்து. நெரிசலில் சக்கரப் பெட்டியை எங்கே உருட்டுவது? முதுகில் இருப்பதை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

'செக்-இன்'னில் போட்டால் என்ன என்பவர்களுக்கு ஒரு எண். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு, பயணி ஒருவருக்கு 20,000 ரூபாய். மேலே சொன்ன 70-200 லென்ஸ் புதிதாக வந்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. பலர் அதைத் தவணையில் வாங்கியிருப்பார்கள், சிலர் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். பணம் கூடப் போகட்டும், தாலி கட்டும் நேரம் லென்ஸுக்காகக் காத்திருக்காது.

நேரம் என்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரியது என்பதற்குக் கடலூரே சாட்சி. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. டிசம்பர் 28-இல் கடலூரில், இறந்த உறவினர் அருகில் மணலில் கவிழ்ந்து அழும் ஒரு பெண்ணை ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த படம், அந்த ஆண்டின் 'வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ' விருதைப் பெற்றது. இரண்டே நாள் இடைவெளி. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியூரிலிருந்து வருகிற ஒருவரின் பெட்டி வேறு விமானத்தில் ஏறிப் போயிருந்தால்? மறுநாள் பெட்டி கிடைக்கும், படம் கிடைக்காது.

பேட்டரி விஷயத்தில் விருப்பத்துக்கே இடமில்லை. உபரி லித்தியம் பேட்டரிகள் கையோடுதான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை. சாதாரண கேமரா பேட்டரி 14 வாட்-மணி அளவுதான். வீடியோ எடுப்பவர்களின் பெரிய பேட்டரி 100-ஐத் தாண்டினால் நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. முனைகளில் டேப் ஒட்டி, தனிச் சின்னப் பையில் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். ஏனென்றால் கடைசி நேரத்தில் பையை வாங்கிக்கொண்டால், பேட்டரியை மட்டும் உருவி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்படி வாங்கிக்கொள்ளவே மாட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2006 ஆகஸ்டில் லண்டன் திரவ வெடிகுண்டுச் சதி வெளிப்பட்டபோது, பிரிட்டனிலிருந்து கிளம்பிய பயணிகள் சில நாட்களுக்குக் கைப்பையே கொண்டுபோக முடியவில்லை. 2017-இல் துபாய், அபுதாபி, தோஹா வழியாக அமெரிக்கா போனவர்களுக்குச் சில மாதங்கள் கேமராவையும் கைப்பையில் எடுத்துச் செல்லத் தடை. வளைகுடா வழிப் பயணம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழக்கமான பாதை. அதனால் பையின் உள்தடுப்பு கழற்றி எடுக்கக்கூடியதாக இருப்பது நல்லது. தேவைப்பட்டால் அப்படியே தூக்கி ஒரு கெட்டிப் பெட்டிக்குள் இறக்கிவிடலாம்.

கெட்டிப் பெட்டி அடியோடு வேண்டாம் என்பதல்ல. பிச்சாவரத்தில் படகில் ஏறுகிறவருக்கு அதைப்போல உற்ற துணை கிடையாது. அது செக்-இன்னில், உடுப்பும் முக்காலியும் நிரப்பிக்கொண்டு வரட்டும். மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு வருகிறவருக்கு அதுவும் தேவைப்படாது. இரவு மேடை, ஓடும் கால்கள், ஒரு நீள லென்ஸ், அவ்வளவுதான் வேலை.

வாங்கும் முன் கடையிலேயே வெறும் பையை எடை போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். சட்டைக்கு மேல் பத்துப் பாக்கெட் வைத்த ஜாக்கெட்டை மாட்டி அதில் லென்ஸைத் திணிக்கிற தந்திரத்தைச் சிலர் சொல்வார்கள். கடலூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது! இன்னொன்று: குளிர்ந்த விமானத்திலிருந்து கடலோரக் காற்றுக்கு வந்தவுடன் பையைத் திறந்தால் லென்ஸில் ஈரம் பூத்துவிடும். ஜிப்பைத் தொடாமல் அரை மணி நேரம் பொறுத்தால், ஊர்ச் சூட்டுக்கு லென்ஸும் பழகிவிடும்.