வராத நோயாளிக்கு அபராதம், வராத டாக்டருக்கு?

தென்காசியில் இப்போது சில கிளினிக்குகளில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், முதல் நாளே போனில் பணம் அனுப்பி டோக்கன் போட வேண்டியிருக்கிறது. சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் பணம் போச்சு.

பக்கத்து வீட்டு மதினி போன சாரல் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியிலிருந்து கிளம்பினார். குற்றாலத்துக்கு வந்த வேன்களும் கார்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பஸ் நகரவே இல்லை. 20 நிமிஷம் லேட். "உங்க நம்பர் போயிருச்சும்மா, அடுத்த வாரத்துக்குப் புதுசா பணம் கட்டிருங்க" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிட்டாளாம். போனது 500 ரூபாய். அதற்கு ரசீதும் கிடையாது. இத்தனைக்கும் அதற்கு முந்தின மாதம், டாக்டர் வராததால் இதே மதினி மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினார். அன்றைக்கு அவருக்கு யார் அபராதம் கட்டினார்கள்?

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பல் வேர் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கும்போது ஆள் வராவிட்டால் அந்த நேரம் வீண்தான். திருநெல்வேலியிலிருந்து ஒருவருக்காகவே வரவழைத்த டாக்டரானால் பெட்ரோல் செலவும் சேரும். அங்கே ஏதோ ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணமாக நம் ஊர் கிளினிக்கில் என்ன நடக்கிறது? 14-ம் நம்பர் வராவிட்டால் 15-ம் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். வராண்டாவில் முப்பது பேர் காத்திருக்கும் இடத்தில் டாக்டருக்கு நஷ்டம் எங்கிருந்து வந்தது? ஒரே நாற்காலிக்கு இரண்டு பேரிடம் ஃபீஸ் வாங்குவதற்குப் பெயர் அபராதமா, வியாபாரமா?

இங்கிலாந்தில்கூட 2022-ல் இந்தப் பேச்சு வந்தது. பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டபோது ரிஷி சுனக், டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வராதவர்களுக்கு 10 பவுண்டு அபராதம் என்றார். அங்குள்ள டாக்டர்கள் சங்கமே வேண்டாம் என்றது. பிரதமர் ஆன பிறகு அவரே அதைக் கைவிட்டார்.

நம் ரயில்வேயைப் பாருங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும். அதே ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் பயணம் வேண்டாம் என்று முறைப்படி சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும். விதி இரண்டு பக்கத்துக்கும் இருக்கிறது. கிளினிக்கில் மட்டும் ஏன் ஒரு பக்கத்துக்கு?

சட்டமும் நமக்குக் கொஞ்சம் துணையாக இருக்கிறது, தோழிகளே. பணம் கட்டி வைத்தியம் பார்ப்பவர் நுகர்வோர்தான் என்று 1995 நவம்பரில், வி.பி. சாந்தா வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நடத்தை விதிகள் இன்னும் நடப்பில் இருக்கின்றன. டாக்டர் தன் ஃபீஸையும் மற்றக் கட்டணங்களையும் போர்டில் எழுதித் தொங்கவிட வேண்டும், சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டும் என்கிறது அது. அப்படியானால் வராதவரிடம் பிடிக்கும் பணமும் அந்தப் போர்டில் இருக்க வேண்டாமா? எத்தனை கிளினிக்கில் பார்த்திருக்கிறீர்கள்? ரசீது தராமல் இருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். 500 ரூபாய்க்காகவா என்று வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. வீட்டில் எந்த டோக்கன் தவறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாமியாரின் சுகர் செக்கப் தவறாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியிலும் ஓடுவோம். திடீரென விருந்தாளி வந்தாலோ, பிள்ளைக்குப் பரீட்சை என்றாலோ முதலில் தள்ளிப்போவது நம்முடைய டோக்கன்தான். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, மாதவிலக்கு நிற்காமல் போகிறது என்று அவளாக வாய் திறந்து கேட்டு, வீட்டுக்காரரின் போனில் பணம் அனுப்பச் சொல்லி வாங்கிய டோக்கன் அது. அந்தப் பணம் போனபின் மறுபடி கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்? "ஒரு தடவை கட்டினது வீணாப் போச்சே" என்ற ஒரு சொல்லே போதும், ஆறு மாதம் தள்ளிப்போட. ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இன்னும் கஷ்டம். கிளினிக்கில் அரை நாள் காத்திருந்தால் அன்றைய பீடிக் கூலியில் பாதி போய்விடுகிறது. அதைத் திருப்பித் தர ஆள் இல்லை.

ஆகவே டாக்டர்களிடம் கேட்பது இதுதான். பணத்தைப் பிடிப்பதானால் எவ்வளவு என்று டோக்கன் தரும்போதே எழுத்தில் கொடுங்கள். முதல் தடவை தவறினால் மன்னித்து, அதே பணத்தில் வேறு நாள் கொடுங்கள். சீசனில் ரோடு அடைத்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். டாக்டர் வராத நாளில் கேட்காமலே பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். வர முடியவில்லை என்று சொல்லக் காலையிலேயே எடுக்கிற ஒரு போன் வையுங்கள். டோக்கன் போடும் நம்பர் சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் எடுக்கப்படுகிறது என்றால், காலையில் பிள்ளைக்கு வாந்தி எடுத்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

- ஒரு வாசகி, இலஞ்சி