நல்லா இருக்கு என்று சொன்னோம்

ஜொகூர் பாருவில் நம் வீடுகள் பலவற்றில் பிறந்தநாள் என்றால் இப்போது இத்தாலிய உணவகம்தான். பேரங்காடியின் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நிற்கிறோம். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வருவது குழைந்துபோன ஸ்பகெத்தி. க்ரீமில் மூழ்கிய கார்போனாரா. ஓரம் வறண்டு நடுவில் மாவு வேகாத பீட்சா. ஆறிப்போன காளான் சூப். நடுவில் ஒருமுறை பரிமாறும் பெண் வந்து கேட்கிறாள்: "சாப்பாடு எப்படி இருக்கு அங்கிள்?"

"நல்லா இருக்கும்மா."

பணம் கட்டி, படம் எடுத்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறக்கிறது. இருநூறு வெள்ளி வீண், பாஸ்தா வாயில் வைக்க முடியவில்லை, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது. அடுத்த பிறந்தநாளுக்கு அதே வாசலில் நின்று அதே பெயரைக் கொடுக்கிறோம்.

அந்த உணவகத்தின் குறைகளை எண்ணிக் காட்ட இதை எழுதவில்லை. அந்தக் குறைகளில் நம் பங்கு இருக்கிறது. அதை இவ்வளவு நாள் நாம் பேசவில்லை.

ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நாம் வேறு ஆட்கள். "அண்ணே, ரசத்துல புளி தூக்கல்." "அப்பளம் நமத்துப் போச்சு, வேற குடுங்க." "போன வாரம் இருந்த மீன் குழம்பு மாதிரி இல்லையே." கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார், அப்பளம் மாறி வருகிறது, மறுநாள் ரசம் சரியாகிறது. அந்தக் கடையின் ருசி பல வருடம் நிற்பதற்கு அவருடைய கை மட்டும் காரணமில்லை. விடாமல் சொல்லிக்கொண்டிருந்த நம் வாயும் காரணம். அதே கடையில் சாப்பாடு ஐம்பது காசு ஏறினால் நியாயம் கேட்கிறோம். பேரங்காடியில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேர்த்துப் போட்ட ரசீதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வரி அரசாங்கத்துக்குப் போகிறது. சேவைக் கட்டணம் உணவகம் வாங்குவது. அதில் நமக்குத் தட்டு தூக்கிய அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

வாழையிலைக் கடையில் பேசும் நாக்கு அங்கே ஏன் ஒட்டிக்கொள்கிறது? வெட்கம்தான். நம்மில் பலருடைய அப்பா அம்மா கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கித்தாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். கண்ணாடிக் கதவும் துணி விரித்த மேசையும் நம் குடும்பங்களுக்கு வந்து ஒரு தலைமுறைகூட நிறையவில்லை. உணவுப் பட்டியலில் பாதிப் பெயர்களைச் சத்தமாகப் படிக்கத் தயங்குகிறோம். குழைந்ததாகத் தோன்றுவதுதான் அதன் பக்குவமோ, நாம் வாய் திறந்தால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று பயப்படுகிறோம். தோட்டத்திலிருந்து வந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த வெட்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டோமே, அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். "இது நல்லா இல்லப்பா" என்று எட்டு வயதுப் பிள்ளை உள்ளபடி சொன்னபோது, "உஷ், பேசாம சாப்பிடு" என்றவர்கள் நாம்தான்.

தெரியாது என்று நாம் சொல்லிக்கொள்வதும் முழு உண்மை இல்லை. ஸ்பகெத்தி கெட்டியான கோதுமையின் ரவையில் செய்வது. கடிக்கும்போது நடுவில் சற்றே உறுதி இருக்க வேண்டும் என்பது இத்தாலியர் பக்குவம். சேமியா எப்போது குழைந்தது, இடியாப்பம் எப்போது களியானது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் நமக்கு அது விளங்காததா? நாப்போலியின் பீட்சா மாவு பல மணி நேரம் பொங்க வேண்டும். பிறகு 485 டிகிரி விறகடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். ரொட்டி சானாய் மாவை முதல் நாளே பிசைந்து எண்ணெயில் ஊறவைப்பவர்களின் பக்கத்திலேயே வாழ்கிறோம். அவசர மாவு எது, ஊறிய மாவு எது என்று நம் பல்லுக்குத் தெரியும்.

கார்போனாராவும் அப்படித்தான். ரோம் நகரில் அது முட்டை மஞ்சள் கரு, செம்மறியாட்டுப்பால் சீஸ், மிளகு, பன்றிக் கன்ன இறைச்சி. க்ரீம் கிடையாது. இங்கே ஹலால் சமையலறையில் பன்றி இறைச்சிக்குப் பதில் மாட்டிறைச்சியோ கோழியோ வருவது நியாயம். க்ரீம் வந்தது வேறு காரணத்தால். சூடு ஒரு நொடி கூடினால் மஞ்சள் கரு திரிந்துவிடும், பக்கத்திலேயே நின்று பார்த்துக் கிளற ஆள் வேண்டும். க்ரீம் திரியாது, முன்கூட்டியே செய்துவைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் காம்பியர் செடியோடு மிளகையும் பயிரிட்டுப் பெயர் வாங்கிய மாநிலம் இது. இங்கேயே மிளகு மணக்காத கார்போனாராவுக்குத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

இந்த மண்ணில் நமக்கு வழி காட்டிய ஒரு சாப்பாடும் இருக்கிறது. லக்சா ஜொகூர். மற்ற ஊர் லக்சாவில் பெரும்பாலும் அரிசிச் சேவை இருந்தால், இதில் ஸ்பகெத்தி. சுல்தான் அபு பக்கார் இத்தாலிப் பயணத்தில் அதை விரும்பிச் சாப்பிட்டு, ஊர் திரும்பியதும் லக்சாவில் சேர்க்கச் சொன்னார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். அவர் 1895இல் மறைந்தார். மலாய்க்காரர்கள் அந்த இத்தாலிய நூலைப் பார்த்துக் கூசவில்லை. மீனை அவித்து அரைத்து, வறுத்து இடித்த தேங்காயும் மசாலாவும் சேர்த்துக் குழம்பாக்கி, வெள்ளரியும் வெங்காயமும் கெசும் இலையும் தூவி, கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். அந்நியப் பண்டத்தைத் தங்கள் நாக்கின் தீர்ப்புக்கு உட்படுத்தினார்கள். நோன்புப் பெருநாள் திறந்த இல்லத்தில் வருடாவருடம் அதைச் சாப்பிட்டும் நாம் இதைக் கற்கவில்லை. நம்மில் எத்தனை வீடுகளில் அதைச் சமைக்கத் தெரியும்?

அடுத்தது அடுப்படியில் நிற்பவர்கள். விடிவதற்கு முன்பே சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் நகர முடியாமல் நிற்கின்றன. 1924இல் திறந்த அந்தப் பாலத்தைத் தினமும் கடப்பவர்களில் நம் மகன்களும் மகள்களும் உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கும்போது போகாதே என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கை பழகிய சமையல்காரர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். இந்தக் கரையில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. தொழில் பழகியவர் அக்கரைக்குப் போக, பழகத் தொடங்கியவர் இங்கே நாலு அடுப்பைப் பார்க்கிறார். அதே வருடம் சனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறையும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நாளில் விடுமுறை, ஒரே நேரத்தில் பசி. பிள்ளையை அக்கரைக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் இக்கரையில் தேர்ந்த கை சமைத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

"பாவம், புதுப் பையன்" என்று விட்டுவிட்டு, குறையைச் சொல்லாமல் வந்ததை இரக்கம் என்று நினைத்துக்கொண்டோம். பாஸ்தா குழைந்தது என்று ஒரு மேசையாவது சொல்லியிருந்தால் அடுத்த தட்டில் அவன் இரண்டு நிமிடம் முன்னால் வடித்திருப்பான். எல்லா மேசையும் நல்லா இருக்கு என்றது. குழைந்ததே சரி என்று அவன் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தது நாம். அவனிடம் சொல்லாததைக் காரிலும் உறவினரிடமும் அலுவலகத்திலும் சொல்லி அவன் உழைப்பைக் கேவலப்படுத்தினோம். பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டும் எழுந்தோம். இலையில் சோறு மிஞ்சினால் பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம்.

போன மாதம் என் வீட்டில் மறுபடியும் ஒரு பிறந்தநாள், மறுபடியும் அதே மாதிரி ஓர் இடம். தட்டு வந்தது, குழைந்துதான் இருந்தது. பரிமாறிய பெண் வழக்கம்போலக் கேட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு அவளே சொன்னாள்: "கொஞ்சம் குழைஞ்சு போச்சும்மா. உன்மேல கோபம் இல்ல. சமைக்கிறவங்ககிட்ட சொல்றியா?" அந்தப் பெண்ணின் முகம் வாடியது. எனக்கும் ஏன் சொன்னோம் என்று இருந்தது. பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் புதுத் தட்டோடு வந்தான். நெற்றியில் வியர்வை. "சாரி ஆண்ட்டி, நாலு ஆர்டர் ஒண்ணா வந்துருச்சு," என்றான். தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. வாழையிலைக் கடை அண்ணன் நிற்பதுபோல, என் மனைவி முதல் வாய் எடுத்து வைக்கும்வரை நின்றான்.

"நூல் சரியா இருக்கு தம்பி. மிளகு இன்னும் கொஞ்சம் போடலாம்."

தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினான். அந்தத் தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.