பாட்டனார் பெயரும் பாட்டனார் பணியும்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி இல்லங்களில் உறவினர் கூடுவர். வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகள் காலையில் ஐந்தருவியில் நீராடி, நண்பகலில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பர். பேச்சு எங்குச் சுற்றினாலும் மறைந்த பாட்டனாரிடம் வந்து நிற்கும். இன்னாரின் பேரர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குள்ள மகிழ்ச்சி சிறிதன்று, அது தவறுமன்று. ஆனால் அவர் விட்டுச்சென்ற பணி இன்று எந்நிலையில் உள்ளது என்ற கேள்வி அச்சபையில் எழுவது அரிது.

என் பாட்டனார் செல்வந்தர் அல்லர். தம் சிறு தென்னந்தோப்பின் வருவாயை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக வக்ஃபு செய்தார். உறவில் எவரேனும் பிணங்கியிருந்தால், அவர்களைச் சேர்த்துவைக்காமல் பெருநாள் விருந்தில் கைநனைக்க மாட்டார். அவர் வஃபாத்தான சில ஆண்டுகளில் தோப்பின் கணக்கு எழுதப்படாமல் நின்றது. யார் நிர்வகிப்பது என்ற பிணக்கில் என் தந்தையாரும் அவர்தம் தமையனாரும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். பாட்டனார் பெயரால் ஆண்டுதோறும் நெய்ச்சோற்று விருந்து மட்டும் குறைவின்றி நடந்தது. மதரஸாவில் வக்ஃபின் சட்டங்களைக் கற்பிக்கும் நானும் அவ்விருந்தில் அவர் புகழைப் பேசியவன்தான். அதை எண்ண இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, நிலத்தின் மூலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அந்நிலம் விற்கப்படவில்லை, வாரிசுகளுக்குப் பங்கிடப்படவுமில்லை. மரணத்திற்குப் பின்னும் தொடரும் நன்மைகளுள் நிலையான தர்மத்தையும், பயன்தரும் கல்வியையும், பெற்றோருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையையும் அண்ணலார் எண்ணிச் சொன்னார்கள். செயலால் பின்தங்கியவனை அவனது வம்சம் முன்னேற்றாது என்றும் எச்சரித்தார்கள்.

தென்காசி 2019 வரை நெல்லை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்த நெல்லையின் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று பிறந்தவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடியவர். கேரளத்தின் மஞ்சேரி மக்களால் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பப்பட்டவர். மார்க்கமும் தமிழும் அவருக்கு ஒருசேரக் கிடைத்த மரபுச் செல்வங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை. 1972-இல் மறைந்த அவர் பெயரை இன்று சென்னையில் ஓர் அரசு மகளிர் கல்லூரி தாங்கி நிற்கிறது. அங்கே நாள்தோறும் பெண்பிள்ளைகள் படிக்கச் செல்வதால்தான் அப்பெயர் உயிரோடிருக்கிறது. பெயர்ப்பலகையால் மட்டும் அது வாழாது.

ஆகவே, நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்துக்கு நாள் குறிக்கும் முன், பாட்டனார் விட்டுச்சென்ற வக்ஃபின் கணக்கைப் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் வாசியுங்கள். அவரை நேரில் கண்ட முதியோர் சொல்வதை எழுதிவையுங்கள். பேசாதிருக்கும் உறவினரை முதலில் அழையுங்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதன்று.

சென்ற ஆண்டு நாங்கள் அந்தக் கணக்கேட்டைத் திறந்தோம். விருந்துச் செலவைக் குறைத்து மூன்று மாணவருக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தினோம். என் தந்தையாரும் பெரிய தந்தையாரும் இன்னும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆயினும் இருவரும் ஒரே சஹனில் உண்டார்கள்.

குற்றாலத்தில் விழும் நீர் அங்கேயே தேங்குவதில்லை. சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, வழியெல்லாம் வயல்களை நனைத்துத் தாமிரபரணியில் கலக்கிறது. நம் முன்னோரின் நன்மைகளும் அவ்வாறே ஓடவேண்டும். அடைத்து நிற்பவர்களாக நாம் ஆகிவிடலாகாது.

வல்ல அல்லாஹ் நமக்கு முன் சென்றோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்கி, அவர்தம் நற்பணிகளைத் தொடரும் பேற்றை நமக்கு அருள்வானாக. ஆமீன்.