பொம்மைகள் இறங்கி முடியட்டும்

படம் முடிந்துவிட்டது என்று அந்த டிவிக்கு யார் சொன்னார்கள்? மூலையில் ஒரு வட்டம் சுற்றியது. ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்கின. அதுவரை திரை முழுக்க இருந்த ருடால்ஃப் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் கேட்காத வேறு ஒரு கார்ட்டூன் பெரிதாக வந்து கத்த ஆரம்பித்தது. ஏழு வயதுப் பேத்தி எழுந்து பல் தேய்க்கக் கிளம்பினாள். மாடிப்படியில் நின்று, "பாட்டி, அந்தப் பொம்மையெல்லாம் வீடு போய்ச் சேர்ந்துச்சா?" என்றாள்.

அவள் கேட்டதற்கான பதில் அந்தத் தபால்தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் அதுவும் மறைந்துவிட்டது.

இதை ஒரு சின்ன விஷயம் என்று என் மருமகன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

'ருடால்ஃப்' முதன்முதலாக அமெரிக்காவில் என்பிசி அலைவரிசையில் வந்தது 1964 டிசம்பர் 6 அன்று. சிவந்த மூக்கோடு பிறந்த ஒரு மான்குட்டியை மற்ற மான்கள் கேலி செய்து விரட்டுகின்றன. அது வீட்டைவிட்டுப் போய் அலைந்து, யாருக்கும் வேண்டாத பொம்மைகள் வாழும் ஒரு தீவை அடைகிறது. சதுரச் சக்கரம் வைத்த ரயில், மிதக்கத் தெரியாத படகு, உடம்பெல்லாம் புள்ளி போட்ட யானை, பறக்காமல் நீந்தும் பறவை. எங்களுக்கும் ஒரு வீடு கிடைக்க வழி செய் என்று அவை மான்குட்டியிடம் கேட்கின்றன. முதல் வருடப் படத்தில் அந்தப் பொம்மைகளைக் கூட்டிப்போக யாருமே வரவில்லை. பனிப்புயலில் மூக்கு விளக்காக எரிந்து வழிகாட்டிய ருடால்ஃப் வீரனானதோடு கதை முடிந்துவிட்டது.

பார்த்த ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 'பொம்மைகளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். தயாரித்தவர்கள் மறு வருடமே, 1965இல், புதிதாக ஒரு காட்சி எடுத்துச் சேர்த்தார்கள். சான்டாவின் வண்டி அந்தத் தீவுக்குப் போய்ப் பொம்மைகளை ஏற்றிக்கொள்கிறது. பிறகு பெயர்கள் ஓடும்போது வண்டியிலிருந்து ஒவ்வொரு பொம்மையாகக் கையில் குடையோடு கீழே இறங்குகிறது. அதாவது, குழந்தைகள் அழுது கேட்டுப் பெற்ற முடிவு அது. அந்த முடிவின் பாதி இருப்பது பெயர் ஓடும் இடத்தில்தான். 'பெயர் ஓடுகிறது, இனி யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று எந்த யந்திரம் முடிவு செய்ததோ, அதைத்தான் மூலையில் தள்ளிவிட்டது.

1987 ஆகஸ்டில் மாயவரத்திலிருந்து கிளீவ்லாந்து வந்து இறங்கினோம். என் கணவருக்கு வேலை, எனக்கு வீடு, மகளுக்கு ஆறு வயது. நவம்பர் முடியும்போது ஈரி ஏரிக்காற்று பனியை வாரிக் கொட்டியது. கிறிஸ்துமஸ் எங்கள் பண்டிகை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கறுப்பின அம்மாள் ஒரு மாலை கதவைத் தட்டி, இன்று எட்டு மணிக்கு இந்த அலைவரிசையை வையுங்கள், குழந்தையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தெரு முழுக்க அந்த நேரத்தில் அதையே பார்க்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. 'ஸ்பெஷல்' என்ற எழுத்து வண்ண வண்ணமாகச் சுழன்று வந்தது, பின்னால் மேளம் முழங்கியது. மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவளைப் பொட்டுக்காகக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நெற்றியில் அடிபட்டதா, ரத்தமா என்று கேட்பார்களாம். பஸ் ஏறுமுன் அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது பென்சில் பெட்டியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கரை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு வருவாள். எனக்கு இது எதுவும் தெரியாது. படத்தில் அப்பா மான், குட்டியின் மூக்கு தெரியாமலிருக்கச் சேற்றை அப்பி மறைக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "அம்மா, அவங்க அப்பா செய்யறது தப்புதானே?" என்று கேட்டாள். அன்றிரவு நாங்கள் மூன்று பேரும் நெடுநேரம் தூங்கவில்லை. ஒரு பொம்மைப் படம் எங்கள் வீட்டுக்குச் செய்தது இது. அதனால்தான் அதை யாராவது அலட்சியமாகக் கையாண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பொம்மைகளை அசைத்தது ஜப்பான்காரர்கள் என்பதைப் பின்னாளில் படித்தேன். குரல்களைப் பெரும்பாலும் டொரன்டோவில் கனடா நடிகர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். படப்பிடிப்பு டோக்கியோவில், ததஹிதோ மொச்சிநாகாவின் பட்டறையில். மான் எப்படி நடக்கிறது, எப்படித் தலையைத் திருப்புகிறது என்று பார்க்க அவர்கள் நாரா ஊருக்கே போய் அங்கே உலவும் மான்களைக் கவனித்திருக்கிறார்கள். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து, மறுபடி எடு. ஒரு விநாடி அசைவுக்கே எத்தனை முறை அதைத் தொட்டிருப்பார்கள்! படத்தில் காப்புரிமை வருடத்தை ரோமன் எண்ணில் போடும்போது ஓர் எழுத்து விட்டுப்போய் 1964 என்பது 1164 ஆகிவிட்டது. அந்தப் பிழைகூட எனக்குப் பிரியமானது, மனுஷக் கை பட்டது என்பதற்கு அடையாளம். அந்த ருடால்ஃபும் சான்டாவும் 2020இல் 3,68,000 டாலருக்கு ஏலம் போய், இப்போது அட்லான்டாவில் பொம்மலாட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொம்மைக்கு அத்தனை விலை கொடுக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டி செய்து வைக்கிறார்கள். அவை நடித்த படத்தை முழுசாக ஓடவிட மட்டும் மனசில்லை.

பெயர் ஓடுவது அற்பமான விஷயமில்லை. 1966இல் வந்த 'கிரிஞ்ச்' படத்தில் அந்தப் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட். அவர் பெயர் பட்டியலில் விட்டுப்போயிற்று. கதை சொன்ன போரிஸ் கார்லாஃப்தான் பாட்டையும் பாடினார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கதையை எழுதிய டாக்டர் சூஸ் மனம் நொந்து, பத்திரிகைகளில் பத்தி எழுதுபவர்களுக்குக் கடிதம் போட்டு உண்மையைச் சொன்னார். ஒரே ஒரு பெயர் விடுபட்டதற்கு அத்தனை பதைப்பு அன்று இருந்தது. இன்று ஒட்டுமொத்தப் பெயர்களையும் தபால்தலைக்குள் அடைத்துவிடுகிறார்கள், எவர் முகத்திலும் கூச்சம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1965 டிசம்பர் 9இல் சிபிஎஸ் அலைவரிசையில் வந்த 'சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. இருபத்தைந்து நிமிடம். பெரியவர்களை வைத்துக் குழந்தைக் குரல் பேசவைக்காமல் நிஜக் குழந்தைகளையே பேசவைத்தார்கள். சார்லியின் தங்கை சாலியாகப் பேசிய பெண் குழந்தைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது, வரியைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார்களாம். வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் பியானோ. பின்னால் செயற்கைச் சிரிப்பொலி கிடையாது. ஒரு சிறுவன் மேடை நடுவில் நின்று பைபிளிலிருந்து லூக்கா எழுதியதைச் சொல்கிறான். பார்த்த சிபிஎஸ் அதிகாரிகளுக்குப் பிடிக்கவே இல்லை. விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, தேதி நெருங்கிவிட்டது என்பதால் மட்டும் ஒளிபரப்பினார்கள். அன்றிரவு டிவி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி வீடுகள் அதைப் பார்த்தன.

பண்டிகையைக் கடைச்சரக்காக்கிவிட்டார்களே என்று வருந்தும் ஒரு சிறுவனின் கதை அது. எல்லோரும் பளபளக்கும் அலுமினிய மரத்துக்கு ஆசைப்படும்போது அவன் நோஞ்சானான ஒரு சின்ன மரத்தை எடுத்து வருகிறான். ஐம்பத்தைந்து வருடம் ஆன்டெனா வைத்த எவரும் ஓசியாகப் பார்த்த படம். 2020இல் உரிமை ஒரு ஸ்ட்ரீமிங் சேவைக்குப் போயிற்று. ஜனங்கள் கூச்சல் போட்டதால் 2020லும் 2021லும் பிபிஎஸ் என்ற பொது அலைவரிசையில் காட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது. இப்போது டிசம்பரில் ஏதோ இரண்டு நாள் பணம் கட்டாமல் பார்க்கலாம். அந்த இரண்டு நாள் எது என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. இணையம் சரியாக இல்லாத வீட்டுப் பிள்ளை, அம்மா இரவு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, அந்தத் தேதியைப் பத்திரிகையில் தேடிப் பிடிக்குமா? சார்லி பிரவுன் யாருக்காக அந்த நோஞ்சான் மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்?

பூட்டி வைத்தால்தான் மதிப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் 'இட்ஸ் எ வண்டர்ஃபுல் லைஃப்' படத்தைக் காட்டுவேன். ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்தது, வந்த புதிதில் போட்ட பணமே திரும்பவில்லை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். உடனே ஊர் ஊராக இருந்த சின்னச் சின்ன நிலையங்கள் செலவில்லாமல் கிடைக்கிறதே என்று போட ஆரம்பித்தன. நாங்கள் வந்த புதிதில் டிசம்பரில் எந்த எண்ணைத் திருப்பினாலும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பனியில் ஓடிக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அது அமெரிக்காவின் படமானது. கதவைத் திறந்து போட்டதால் வாழ்ந்த படம். பிறகு உரிமையை மீட்டார்கள், 1994லிருந்து ஒரே அலைவரிசையின் சொத்து. இப்போது ஒரு சேவையில் அதற்குச் சுருக்கிய பிரதி ஒன்றும் இருக்கிறது. தான் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி ஆகியிருக்கும் என்று நாயகன் காணும் பகுதியையே அதில் எடுத்துவிட்டார்கள். பாலத்தில் நின்று சாகத் துணிந்தவன், அடுத்த காட்சியில் ஆனந்தமாக ஓடுகிறான். ஏன் மனம் மாறினான் என்பது அதில் இல்லை. முதன்முதலாக அந்தப் பிரதியைப் பார்க்கும் ஒரு பிள்ளை, இதையா பெரிய படம் என்றார்கள் என்று நினைத்துக்கொள்ளும். அந்த அநியாயத்தை யார் ஈடு செய்வது?

எங்களிடம் ருடால்ஃப் படத்தின் கேசட் ஒன்று இருந்தது. 1988இல் என் கணவர் விசிஆரில் பதிந்தது. விளம்பரம் வரும்போது நிறுத்தி, முடிந்ததும் தொடங்கி, இரண்டு இடத்தில் தாமதமாகிவிட்டதால் ஒரு சோப்பு விளம்பரத்தின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் பனிப்புயல் எச்சரிக்கை எழுத்து கீழே ஓடும். மகள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்து மனப்பாடமாக வைத்திருந்தாள். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. விசிஆர் செய்வதை உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய கம்பெனி 2016இல் நிறுத்திவிட்டது. எங்கள் விசிஆர் அதற்கும் முன்பே உயிரை விட்டது. கேசட் அலமாரியில் இருக்கிறது, அவர் கையெழுத்தில் 'ருடால்ஃப், அழிக்காதே' என்று தமிழில் எழுதியிருக்கிறது.

அதனால்தான் இந்த வருடம் ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். டிவியில் இன்னமும் வருகிறது, உண்மைதான். 2024இல் சுற்றிச் சுற்றிப் பிறந்த வீடான என்பிசிக்கே திரும்பியது. ஆனால் அது வரும் இரவில் பேத்தி எங்களோடு இருப்பதில்லை. இடைப்பட்ட வருடங்களில் விளம்பரத்துக்கு இடம் செய்ய வெட்டிய பிரதிகளையும் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். வாங்கினால் முழுசாக வரும் என்று நம்பினேன். முழுசாகத்தான் இருக்கிறது, ஓடத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறொன்றுமில்லை. ஒரு கதை முடிந்தபின் அரை நிமிடம் அந்தக் கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க ஒரு குழந்தைக்கு விடுங்கள். அடுத்ததை அவள் கேட்டால் கொடுங்கள்.

அந்தச் சேவைக்குப் புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பணம் சம்பந்தமானதா, படத் தெளிவா, ஒலியா, கடவுச்சொல்லா என்று நான்கு கட்டங்கள். என் குறை எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. 1964இல் தாளில் எழுதித் தபாலில் போட்டவர்களுக்குப் பதிலாக ஒரு காட்சியே கிடைத்தது.

கடைசியில் ரிமோட்டோடு போராடிப் படத்தைப் பின்னால் நகர்த்தி, பேத்தியைக் கூப்பிட்டேன். பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வந்தாள். எண்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தன. இந்த முறை விரல் தயாராக இருந்தது, அழுத்தி நிறுத்தினேன். திரை பெரிதாகவே இருந்தது. இருட்டு வானத்தில் வண்டி போகிறது. சான்டாவின் உதவியாளான குட்டி எல்ஃப் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குடையைக் கொடுத்து இறக்கிவிடுகிறது. ஒவ்வொன்றாக மெல்ல மிதந்து இறங்குகின்றன. பறவையின் முறை வந்தது. பறவைதானே என்று குடை கொடுக்காமலே அதைக் கீழே விட்டுவிடுகிறது.

பேத்தி பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். "பாட்டி, அதுக்குப் பறக்கத் தெரியாது! நீந்தத்தான் தெரியும்னு முன்னாடியே சொல்லிச்சே! இதை யார்கிட்ட சொல்லணும்?"